மணி வந்தாச்சு

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். மையப் பாத்திரம் இடைப்பாலினத்தைச் சேர்ந்தவர், அதாவது ஆண், பெண் என்ற இரண்டிலும் முழுக்க அடங்காத உடம்போடு பிறந்தவர். பெண்ணாக வளர்க்கப்பட்டவர். பதினேழு வயதில் வயிற்றுவலிக்கு ஸ்கேன் எடுக்கும்போது உள்ளே விரைகள் இருப்பது தெரியவருகிறது. பதினோராம் அத்தியாயத்தில் வரும் அந்த இடம்தான் நாவலின் உச்சம்.

எனக்குச் சில கேள்விகள். இடைப்பாலினரை எந்த மதம் அதிகப் பரிவோடு நடத்தியிருக்கிறது? அர்த்தநாரீஸ்வரரைக் கும்பிடும் நம் மரபுதான் மேல் என்று ஒரு பாத்திரத்தைச் சொல்லவைக்கலாமா? சிகண்டியின் கதையை இணைகோடாக வைத்தால் பொருந்துமா? தமிழில் இவர்களைப் பற்றி நல்ல கதைகள் அரிதாக இருப்பதற்கு நம் ஒழுக்கப் போலித்தனம்தானே காரணம்?

இன்னொன்று, சின்ன விஷயம்தான். அவன் என்று எழுதுவதா அவள் என்று எழுதுவதா என்று குழம்பி, இப்போதைக்கு எல்லா இடத்திலும் 'அவர்' போட்டிருக்கிறேன். சரிதானே?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

*

அன்புள்ள நண்பருக்கு,

வழக்கம்போல இரண்டு வரியில் பதில் போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போயிருப்பேன். உங்கள் பெரிய கேள்விகளுக்கு அதுவே அதிகம். கடைசியில் 'சின்ன விஷயம்தான்' என்று ஒன்றைச் சொன்னீர்களே, அதுதான் என்னைப் பிடித்து உட்காரவைத்துவிட்டது. கொஞ்ச நாளாக நானும் அதிலேயேதான் கிடக்கிறேன்.

முதலில் மதத்தை முடித்துவிடுகிறேன். எந்த மதம் மேல் என்று பாத்திரத்தின் வாயில் போடாதீர்கள். அதற்குப் பட்டிமன்றம் இருக்கிறது. அர்த்தநாரி ஒரு தெய்வக் கோலம். அந்த உடம்பைப் பார்த்து, பிறப்புச் சான்றிதழில் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது என்று யாரும் கேட்டதில்லை. அதே மரபுதான் மனுவையும் பாதுகாத்து வைத்திருக்கிறது. ஒன்பதாம் அத்தியாயத்தில் கிலீபனுக்கு, அதாவது ஆண்மையற்றவனுக்கு, சொத்தில் பங்கில்லை என்று ஒரு சுலோகம். சாகும்வரை சோறும் துணியும் கொடுத்தாக வேண்டும் என்று அடுத்த சுலோகம். கிலீபன் என்ற அந்த ஒரு சொல்லுக்குள் யார் யாரையெல்லாம் அடைத்தார்கள் என்பது தனிக் கதை. கருணைக்குப் பேர்போன பௌத்தம் என்ன செய்தது? இருபால் குறியும் உடையவருக்குத் துறவு கொடுக்கக்கூடாது என்று துறவியருக்கான விதிநூலான விநய பிடகத்தில் எழுதிவைத்தது.

யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவும் இஸ்லாமியச் சட்ட நூல்களும் இந்த விஷயத்தில் வேறு மாதிரி. மிஷ்னாவில் பிக்கூரிம் என்ற பகுதியின் நான்காம் அத்தியாயம், இப்படிப் பிறந்தவர் எதிலெல்லாம் ஆணைப்போல, எதிலெல்லாம் பெண்ணைப்போல, எதில் இருவரையும்போல, எதில் இருவரையும் போலில்லை என்று உட்கார்ந்து கணக்குப் போடுகிறது. போட்டு முடித்ததும், 'இது தனிப் படைப்பு, ஆணா பெண்ணா என்று அறிஞர்களால் முடிவுகட்ட முடியவில்லை' என்கிறார் ஒரு ரபி. இஸ்லாமிய அறிஞர்கள் இப்படிப் பிறந்தவரைக் குன்ஸா என்றார்கள். தொழுகையில் ஆண்கள் வரிசைக்குப் பின்னும் பெண்கள் வரிசைக்கு முன்னுமாக இடம் ஒதுக்கினார்கள், வாரிசுப் பங்குக்குத் தனிக் கணக்கு வைத்தார்கள். எனக்கு இதில் பிடித்தது ஒன்று உண்டு. அந்த ஆள் நாளைக்குத் தொழ வருவார், எங்கே நிற்பார் என்று யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார். பிடிக்காததும் அங்கேயே இருக்கிறது. சிறுநீர் எந்த வழியாக முதலில் வருகிறது என்று பார்த்துத்தான் அவர்கள் தீர்ப்பு சொல்லத் தொடங்குகிறார்கள். உங்கள் பதினோராம் அத்தியாயத்துக்கு அவர்கள்தான் முன்னோடிகள்.

சிகண்டியை விட்டுவிடுங்கள். அது பழிவாங்கும் வரமும் பால்மாற்றமும் கலந்த கதை. பிறக்கும்போதே உடம்பு அப்படி அமைந்தவர்களின் பாடு வேறு. 2019-இல் வந்த திருநர் சட்டமே இடைப்பாலினரையும் அதே மூட்டைக்குள் போட்டுக் கட்டிவிட்டது. சட்டத்துக்கு அவசரம், உங்களுக்கு என்ன?

சரி, பதினோராம் அத்தியாயம்.

என்னிடமும் ஒரு பதினோராம் அத்தியாயம் உண்டு. முப்பத்தைந்து வயதில் எழுதிய ஒரு சிறுகதை. எந்தத் தொகுப்பிலும் அதைச் சேர்த்ததில்லை.

எங்கள் வீட்டுக்குப் பின்சந்தில் மணியின் வீடு. மணி என்று வைத்துக்கொள்வோம். நிஜப் பெயரும் இதைப்போல யாருக்கும் வைக்கக்கூடியதுதான். தையல்காரர்களுக்குக் காஜா எடுத்துக் கொடுப்பது மணியின் பிழைப்பு. மடியில் சட்டை, பல்லில் நூல். பட்டன் நுழைய வேண்டிய இடத்தைப் பிளேடால் ஒரே கீறல். அப்புறம் அந்த விளிம்பைச் சுற்றி முடிச்சு முடிச்சாக நூலை ஏற்றிக்கொண்டே போகும் விரல்கள். ஒரு பக்கத்து முடிச்சு இன்னொரு பக்கத்தைவிட ஒரு நூலளவு கூடியிருக்காது. ஊசி குத்திக் குத்தி ஆள்காட்டி விரலின் நுனி காய்த்திருந்தது. ஒருமுறை தொட்டுப் பார்க்கக் கேட்டேன். புளியங்கொட்டையைத் தொட்டது மாதிரி இருந்தது.

மணி பிறந்தபோது பிரசவம் பார்த்தது அம்மாவின் பெரியம்மா. அவர் அம்மாவிடம் என்னவோ சொல்லியிருக்கிறார். அம்மா எனக்குச் சொல்லவில்லை. நான் கேட்காமலில்லை.

தெருப் பிள்ளைகள் 'அது வருது, அது வருது' என்போம். ஒருநாள் வாய் தவறி வீட்டுக்குள்ளேயும், 'அம்மா, அது வந்திருக்கு' என்றுவிட்டேன். அம்மாவின் கையில் அப்போது கரண்டி இருந்தது.

இதெல்லாம் நடந்து எத்தனையோ வருஷம் கழித்துத்தான் அந்தக் கதையை எழுதினேன். ஒரு சிறுவன், ஒரு மழைநாள், குளிக்கும் மறைப்புக்கு மேல் சாக்குப்படுதா. காற்றில் படுதா விலகுகிறது, பையன் பார்த்துவிடுகிறான். படுதா விலகும்வரை 'அவள்' என்று எழுதினேன், விலகிய பிறகு 'அவன்' என்று எழுதினேன். பெரிய உத்தி என்று நினைப்பு. கடிதங்கள் வந்தன. உங்களைப்போலவே ஒருவர் 'உச்சம்' என்ற சொல்லைப் போட்டிருந்தார்.

பெருமையாக அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "குளிக்கிற இடத்துல எதுக்கு எட்டிப் பாத்தே?" என்றாள்.

"கதைதாம்மா அது."

"கதையிலதான் கேக்கறேன்."

உங்கள் ஸ்கேன் அறையையும் அதே வரிசையில்தான் வைக்கிறேன். படுதாவுக்குப் பதில் கம்ப்யூட்டர் திரை, பையனுக்குப் பதில் டாக்டர், மிச்சமெல்லாம் நான் எழுதியதுதான். இடைப்பாலினரை வைத்து எழுதுகிறவர்களில் பாதிப்பேர் ஆடையை விலக்கும் ஒரு காட்சிக்காகவே எழுதுகிறார்கள். விலக்கிய பிறகு அந்த ஆளை என்ன செய்வதென்று தெரியாமல் தற்கொலையோ துறவோ கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். உங்கள் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் என்ன நடக்கிறது? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லையே, ஏன்?

பிரான்சில் எர்குலின் பார்பன் என்று ஒருவர், 1838-இல் பிறந்தவர். பெண்ணாக வளர்ந்து, கன்னியர் மடங்களில் படித்து, ஆசிரியையாக வேலை பார்த்தவர். டாக்டர்கள் பரிசோதித்தார்கள், 1860-இல் நீதிமன்றம் பதிவேட்டில் ஆண் என்று மாற்றியது. 1868-இல் பாரிஸில் தற்கொலை, முப்பது வயது நிறையவில்லை. தன் கதையைத் தானே எழுதிவைத்தவர் அவர். 'நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன்' என்று எழுதக்கூட ஆண்பால் பெயரடையா பெண்பால் பெயரடையா என்று கேட்கும் மொழியில் எழுத வேண்டியிருந்தது. நான் படுதாவை விலக்கியதும் ஈற்றை மாற்றினேன், அந்த நீதிமன்றமும் அதையேதான் செய்தது.

இப்போது உங்கள் சின்ன விஷயத்துக்கு வருகிறேன்.

அம்மா கேட்ட கேள்விக்குப் பிறகு கதையைத் திருத்தி எழுத உட்கார்ந்தேன். 'மணி' என்று எழுதினேன். காலை, சந்து, கையில் துணிமூட்டை எல்லாம் வந்துவிட்டன. வினைமுற்று வரவேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. வந்தான்? வந்தாள்? ஒருவாரம் அந்த ஒரே வாக்கியம். அந்த வாரம் அம்மாவுக்குப் போன் செய்தேன். பேசிக்கொண்டிருக்கும்போதே, "மணி வந்தாச்சு, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

வந்தாச்சு.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சின்ன வயதிலிருந்து காதில் விழுந்ததை எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திப் பார்த்தேன். 'மணிக்குத் தண்ணி குடு.' 'மணிகிட்டக் கேட்டுக்கோ.' 'ரெண்டு நாளா மணியைக் காணோமே.' 'மணிக்குக் கோபம் வந்தா ஊசியே உடையும்.' 'மணிக்குத் தெரியாத காஜாவா?' 'மணி சாப்பிட்டாச்சான்னு பாரு.' நாற்பது வருஷம் ஒரு 'ஆன்' ஈறு இல்லை, ஒரு 'ஆள்' ஈறு இல்லை. எட்டாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் போகாதவள் அம்மா. தெரிந்து செய்தாளா, தானாக வந்ததா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஒருநாள்கூடத் தடுமாறியதில்லை என்பது மட்டும் தெரியும்.

அன்றைக்குத்தான் இந்த மொழி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினேன். நான் வந்தேன், நீ வந்தாய். வந்தது ஆணா பெண்ணா? வாக்கியம் கேட்பதே இல்லை. இந்தியில் 'நான் வருகிறேன்' என்று சொல்வதற்கே முதலில் அதை முடிவுசெய்தாக வேண்டும். அரபியில் 'நீ' என்பதே ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. தமிழில் தன்மைக்கும் முன்னிலைக்கும் பால் காட்டும் விகுதி கிடையாது. படர்க்கைக்கு மட்டும்தான். ஆள் எதிரே இருக்கிறவரை ஒன்றுமில்லை. எழுந்துபோய், நாம் முதுகுக்குப் பின்னால் பேச ஆரம்பித்ததும் ஆனும் ஆளும் வந்து ஒட்டிக்கொள்கின்றன. உங்கள் கடிதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுதடவை படித்தேன், நீங்கள் ஆணா பெண்ணா என்று எங்கேயும் இல்லை. எனக்கு அது ஒரு குறையாகவும் படவில்லை.

படர்க்கையிலும் எல்லா இடத்திலும் இல்லை. பசிப்பது, பிடிப்பது, வலிப்பது, தெரிவது, வேண்டியிருப்பது எல்லாம் நான்காம் வேற்றுமையில் நடக்கிறவை. மணிக்கு வலிக்கிறது, மணிக்குப் பிடிக்காது. ஒருவரின் உள்ளே நடப்பதைச் சொல்ல இந்த 'கு' ஒன்றே போதும். நாவல் எழுதுகிறவருக்கு இதைவிட என்ன வசதி வேண்டும்?

இன்னும் இருக்கிறது, பொறுமையாகக் கேளுங்கள். செய்யும் என்னும் முற்று என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருப்பீர்கள், உடனே மறந்தும் இருப்பீர்கள். அவன் வரும், அவள் வரும், அது வரும், அவை வரும். நாலுக்கும் ஒரே வடிவம். எங்கே வராது என்பதையும் இலக்கணம் சொல்கிறது. தன்மையில் வராது, முன்னிலையில் வராது, பலர்பாலிலும் வராது. அதாவது நீங்கள் போட்டு வைத்திருக்கும் 'அவர்' ஒன்றோடு மட்டும்தான் படர்க்கையில் அதற்கு ஒத்துப்போகாது. மணி பாடும், மணி சிரிக்கும், கூலியைக் குறைத்தால் மணி கண்டபடி திட்டும். இன்றைய காதுக்கு இது அஃறிணைபோல ஒலிக்கலாம். பழைய காதுக்கு ஒலித்திருக்காது.

இதைச் சொன்னால் தொல்காப்பியத்தைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள். வாருங்கள். சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே, கிளவியாக்கத்தில், 'ஆண்மை திரிந்த' பெயர்ச்சொல்லையும் தெய்வத்தைக் குறிக்கும் பெயர்ச்சொல்லையும் ஒரே நூற்பாவில் சேர்த்து வைத்திருக்கிறார். உடனே, 'பார்த்தீர்களா, தெய்வத்துக்குச் சமமாக வைத்தார்கள்' என்று மேடையில் முழங்க ஒரு கூட்டம் காத்திருக்கிறது. அவர் சொன்னது அதுவல்ல. 'இவ்வென அறியும் அந்தம் தமக்கு இலவே' என்கிறார். இன்னதென்று அறிவிக்கும் ஈறு இந்த இரண்டுக்கும் சொந்தமாக இல்லை, உயர்திணைக்கு உரிய ஈறுகளையே வாங்கிக்கொண்டு பால் காட்டும் என்கிறார். பேடி வந்தாள் என்பதைத்தான் உரைகாரர்கள் எடுத்துக்காட்டாகத் தருகிறார்கள். ஆண்பால் ஈறு மட்டும் ஆகாது என்று இன்னொரு நூற்பாவும் உண்டு. பேடி என்ற சொல்லின் கீழ் அவர்கள் நம் இன்றைய பகுப்புகளில் பலவற்றையும் ஒன்றாகப் போட்டிருப்பார்கள், அதையும் மறக்க வேண்டாம். புகழவும் இகழவும் அவர் உட்காரவில்லை. ஈறு இல்லை என்ற ஒரு குறையை ஒரு கணக்கர் பதிவேட்டில் குறிப்பதுபோலக் குறித்துவிட்டுப் போகிறார். ஆனால் உயர்திணையை விட்டு வெளியே தள்ளவில்லை. பல நூற்றாண்டு கழித்து வந்த நன்னூல் அஃறிணை போலவும் வரலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. எங்கள் தெருப் பிள்ளைகள் நன்னூல் படித்ததில்லை, ஆனால் அதன்படிதான் பேசினோம்.

கிறிஸ்தவ இறையியலாளர் அகஸ்டினும் இதே இடத்தில்தான் நிற்கிறார் என்பது வேடிக்கை. கடவுளின் நகரம் பற்றிய நூலில், இப்படிப் பிறந்தவர்களை எந்தப் பாலின் பெயரால் அழைப்பது என்பதே கடினம், ஆனாலும் வழக்கில் மேலான பாலாகிய ஆண்பால் பெயரையே கொடுத்திருக்கிறார்கள், பெண்பாலில் யாரும் சொன்னதில்லை என்று எழுதுகிறார். தொல்காப்பியர் ஆண் ஈற்றைத் தடுக்கிறார், அகஸ்டின் அதையே வழக்கு என்கிறார். இரண்டு பேரும் ஈற்றில் மாட்டிக்கொண்டுதான் முழிக்கிறார்கள்.

'அவர்' சரிதானே என்கிறீர்கள். செய்தியில், மேடையில், நேரில் பேசும்போது அவர்தான் சரி. அல்லது அவரவர் எப்படிச் சொல்லச் சொல்கிறாரோ அப்படி. நாவலில் எல்லாருக்கும் ஆன், ஆள் போட்டுவிட்டு ஒருவருக்கு மட்டும் அவர் போட்டால், பதினேழு வயதுப் பிள்ளை வீட்டுக்கு வந்த தாசில்தார் மாதிரி கூடத்தில் உட்கார்ந்திருக்கும். தங்கை சண்டை போட முடியாது, பாட்டி தலையில் குட்ட முடியாது. மரியாதை கொடுத்தே வெளியே நிறுத்திவிடுவீர்கள்.

'அது'வைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லா 'அது'வும் கல் இல்லை. 'அக்கா வந்துச்சு', 'அம்மா சொல்லுச்சு' என்று பாசமாகச் சொல்கிற ஊர்கள் எத்தனை! முன்னால் ஒரு உறவுமுறை நின்றால் இந்த 'உச்சு' இனிக்கிறது, அது இல்லாமல் வெறும் 'அது வருது' என்றால் எறிகிறார்கள் என்று அர்த்தம். பிறந்த குழந்தை எல்லாமே நமக்கு அஃறிணைதான்: குழந்தை அழுதது, பால் குடித்தது. எந்தத் தாயும் கோபித்துக்கொள்வதில்லை, அவசரப்படுவதும் இல்லை. பதிவேட்டுக்குத்தான் அவசரம். கட்டத்துக்கு உடம்பு ஒத்துவராவிட்டால் உடம்பைக் கட்டத்துக்கு ஏற்பத் திருத்துகிற பழக்கம் மருத்துவத்துக்கு வந்தது. உயிருக்கு ஆபத்தான நிலைகள் உண்டு. அட்ரீனல் சுரப்பிக் கோளாறில் சில குழந்தைகளுக்கு உடம்பிலிருந்து உப்பு வெளியேறி, பிறந்த சில வாரங்களிலேயே உயிர் போய்விடும். அதற்கு மருந்து கொடுத்தே ஆகவேண்டும், யாரும் மறுக்கவில்லை. கத்தி எடுப்பது வேறு. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் கொடுத்த தீர்ப்பு இடைப்பாலினக் குழந்தைகளுக்கு இந்த அறுவை சிகிச்சை கூடாது என்றது. ஆகஸ்டில் தமிழக அரசின் ஆணையும் வந்தது, உயிருக்கு ஆபத்தென்றால் மட்டும் விலக்கு. உங்கள் பாத்திரம் எந்த வருஷத்தில் பிறக்கிறது என்று முடிவுசெய்துவிட்டீர்களா? அதற்குமுன் என்றால் பதினேழு வயதுவரை ஒரு மருத்துவரும் கைவைக்காமல் இருந்தது எப்படி என்று யோசியுங்கள். நாவலுக்குத் தேவையான தகவல் இதுதான், அர்த்தநாரி இல்லை.

ஒழுக்கப் போலித்தனம் என்கிறீர்கள். இருக்கும். என் விஷயத்தில் அது சோம்பல். ஒரு வினைமுற்றோடு மல்லுக்கட்டச் சோம்பல்பட்டுப் படுதாவை விலக்கினேன்.

அந்தக் கதையை மறுபடி எழுதவே இல்லை. இந்தப் பதிலில்தான் முதல்முறையாக மணியைப் பற்றி இத்தனை வரி. முடிந்தவரை அம்மாவின் வழியிலேயே போய்ப் பார்த்தேன். இரண்டு மூன்று இடத்தில் வாக்கியம் நொண்டுகிறது, தெரிகிறது. அம்மாவுக்கு நொண்டாது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு விடிகாலை போன். அந்த நேரத்தில் அவள் கூப்பிடுகிறவள் இல்லை. எடுத்ததும், "மணி இல்லை" என்றாள். கொஞ்சநேரம் இருவரும் பேசவில்லை. பாதி முடித்த சட்டை ஒன்று ஊசி குத்தியபடி கிடந்ததாம். மீதி மூன்று காஜாவையும் தானே எடுத்துத் தையல்காரரிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். மணியுடையது மாதிரி வரவில்லை என்றும் சொன்னாள்.

எந்த மதம் என்று கேட்டிருந்தீர்கள் இல்லையா, எங்கேயோ விட்டுவிட்டேன். போகட்டும். முடித்ததும் கைப்பிரதியை அனுப்புங்கள், படிக்கிறேன். பதினோராம் அத்தியாயத்தை எடுத்துவிட்டு அனுப்புங்கள்.